முன்கட்டு காலியாக எவ்வளவு நாளாகும்?

அலோ… அலோ… வக்கீல் சாருங்களா? நான் சிவசங்கரி பேசறேன் சார்… சிவசங்கரி… வைத்திக்குப்பம் போற தெரு, முன்கட்டுக் கேசு… ஆமா சார், ஆமா, அந்த வாடகை வீட்டுக் கேசுதான். கொஞ்சம் சத்தமா பேசுங்க சார், இங்க மழை அப்படி ஊத்துது.

இன்னைக்குக் கோர்ட்டுல என்ன சார் ஆச்சு?…

கூப்பிடவே இல்லையா?…

மறுபடியும் வாய்தாவா! எப்போ?… பொங்கல் கழிச்சா? சார், இப்ப ஐப்பசி நடக்குது சார்!…

இல்லை சார், உங்கள நான் ஒண்ணும் சொல்லலை. நீங்க என்ன பண்ணுவீங்க. அவங்க வக்கீலு டைம் கேட்டாக் குடுக்கத்தான் செய்வாங்க… ஆமா… ஆமா… ஆனா இன்ஜினியரு வந்து பாத்துட்டு எழுதிக் குடுத்தாரே சார், முன்கட்டு ஆபத்தா இருக்குதுன்னு… அதுக்கும் அவங்க பதில் போடணுமா?… அந்தப் பதிலுக்குத்தான் பொங்கல் வரைக்கும் டைமா… சரி… சரி சார்.

சார், வச்சுடாதீங்க. நான் கூப்பிட்டது அதுக்கு மட்டும் இல்லை. எனக்குப் பயமா இருக்குது சார். காலையிலேருந்து முன்கட்டு உத்தரம் சத்தம் போடுது… சத்தம் சார், சத்தம்! மள்… மள்ளுன்னு. கொஞ்ச நேரம் நிக்குது, அப்புறம் மறுபடியும் கேக்குது. நான் டூட்டிக்குக் கூடப் போகலை. போன் பண்ணி லீவு சொல்லிட்டு இங்கயே உக்காந்துக்கினு காதத் தீட்டி வச்சுக்கினு இருக்கேன்.

இல்லை, என் பக்கம் இல்லை. நான் இருக்கற பின்கட்டு எங்கப்பா மில்லுல இருக்கசொல்ல காங்கிரீட்டு போட்டுக் கட்டினது. இதுக்கு ஒண்ணும் ஆகாது. முன்கட்டுதான் பிரெஞ்சுக்காரன் காலத்து மெட்ராஸ் டெரசு. மேல செங்கல்லும் சுண்ணாம்பும், அடியில கட்டை. அந்தக் கட்டைய உள்ள பூரா செல்லு அரிச்சுடுச்சு சார். வெளிய பெயின்ட்டு பளபளன்னு இருக்குது, விரலால குத்தினா உள்ள போகுது.

அட, நூறு வருஷமா நிக்குது, இன்னும் நிக்கும்னு சொல்லாதீங்க சார். பீச்சாண்ட மேரி கட்டடம், பழைய முனிசிபாலிட்டி ஆபீசு, அது நிக்கலையா? எவ்வளவு பெரிய கட்டடம். ஒரு மழையில அப்படியே உக்காந்துடலை? இப்ப இருக்கறது புதுசு. அது விழுந்த அன்னைக்கு நான் போய்ப் பாத்தவ சார்.

யாரு, குடியிருக்கற பக்கிரியா? அவன் லோடு ஆட்டோ எடுத்துக்கினு அரியாங்குப்பம் பக்கம் போயிட்டான். அவன் பொண்டாட்டி வேம்பு இருக்கறா உள்ள. வேம்பும் புள்ளையும்… ஆமா, புள்ளை பொறந்திருக்குது. உங்களுக்குத் தெரியாதா? இன்னும் மாசம் கூட முடியலை சார், பச்சப் புள்ளை. நான் வேலை பாக்கற கோரிமேடு ஆஸ்பத்திரியிலதான் பொறந்துச்சு. நான் ஒரு எட்டு போய்ப் பாக்கலை. கேசு நடக்கசொல்ல அவங்ககிட்ட பேச்சு வச்சுக்காதீங்க, எதப் பேசினாலும் நமக்கே திரும்பும்னு நீங்கதானே சொன்னீங்க. வார்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்.

சார், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. பொங்கல் கழிச்சுக் கேச எடுத்தாங்கன்னு வைங்க, முன்கட்டு காலியாக எவ்வளவு நாளாகும்?…

உம்… சாட்சி விசாரணை… உம்… குறுக்கு விசாரணை… சரி… அப்புறம் ரெண்டு பக்கமும் பேசி முடிச்சு ஆர்டரு… அதுக்குள்ள அடுத்த மழையே வந்துடுமே சார்.

ஆர்டரு வந்தா அவங்க போயிடணும் இல்ல?… அப்பீலா?… அப்பீலு போட்டா?… ஸ்டே வாங்கிடுவாங்களா? ஸ்டேன்னா, அது முடியற வரைக்கும் அங்கயேதான் இருப்பாங்களா?…

சரி, அதுலயும் நாமதான் ஜெயிச்சோம். அப்புறம்?… நாம எதுக்கு சார் மறுபடியும் மனு போடணும்? ஜெயிச்சது நாமதானே?… ஓ… தீர்ப்ப நிறைவேத்தித் தாங்கன்னு அதுக்கு ஒரு மனு… அப்புறம் கோர்ட்டு அமீனா வருவாரு… அவருக்குப் போலீசு துணைக்கு வேணும்னா அதுக்கு ஒரு மனு…

மொத்தமா எத்தினி வருஷம் சார்?… சொல்ல முடியாதுன்னா?… சிலது ரெண்டு வருஷத்துலயும் முடியும், சிலது பத்து வருஷமும் போகுமா…

எங்க தெரு முனை நாராயணசாமி தெரியும் இல்ல சார், மளிகைக் கடை? அவரு காலி பண்ணச் சொல்லிக் கேசு போட்டாரு. அவரும் செத்துட்டாரு, குடியிருந்தவனும் செத்துட்டான். இப்ப ரெண்டு பேரு புள்ளைங்களும் அதே கோர்ட்டுக்குப் போயி வந்துக்கினு இருக்குதுங்க. அந்த வீட்டுக்கு நேரம் இருந்துச்சு சார். என் வீட்டுக்கு இல்லை. கூரைகிட்ட போயி பொங்கல் வரைக்கும் வாய்தா கேக்க முடியுமா?…

ஐயோ!

கேட்டுச்சா சார்? உங்களுக்குக் கேட்டுச்சா? அதான்… அதான் சார் அந்தச் சத்தம்… இடி இல்லை சார், இடி எனக்குத் தெரியாதா… இருங்க, இருங்க, நான் முற்றத்துக்கு வரேன். இங்கேருந்து அவங்க பின்கதவு தெரியும்.

சார், தளத்துலேருந்து சுண்ணாம்பு கொட்டுது. அவங்க ஜன்னலு வழியாத் தெரியுது. கட்டிலு மேல கொட்டிக் கெடக்குது… புள்ளை கட்டிலுல இல்லை, கட்டிலுல இல்லை, அவ தோளுல போட்டுக்கினு நிக்கறா.

வேம்பு! ஏ வேம்பு! வெளிய வாம்மா!… வேம்பு, நான் சண்டைக்கு வரலை. மேல பாரு! மேல பாரு, உத்தரம் வாயப் பொளந்துக்கினு நிக்குது, பாரு!…

ஜன்னலச் சாத்திட்டா சார்.

நான் எத்தினி வாட்டி சொல்றது. எது சொன்னாலும் நாடகம்கறாங்க. என் தம்பி விக்ரம் பண்ண வேலை சார் இது. பாரீசுல உக்காந்துக்கினு, வீட்ட கெஸ்ட் அவுசாக்கலாம்னு புரோக்கர அனுப்பினானே, அந்த ஆளு டேப்ப எடுத்துக்கினு வந்து அவங்க அடுப்பங்கரை வரைக்கும் அளந்துட்டுப் போனானே, அன்னையிலேருந்து அவங்க என்ன நம்பறதில்லை. செல்லு அரிக்குதுன்னு சொன்னா, அந்தச் செல்லக் கொண்டாந்து விட்டதே நான்தான்கறான் பக்கிரி.

முனிசிபாலிட்டி ஆபீசுக்கா? போனேன் சார், போன வாரமே போனேன். கேசு கோர்ட்டுல இருக்குது, நாங்க கை வைக்க முடியாதுன்னுட்டாங்க… பயரு சர்வீசா? ஆமா… ஆமா, அது எனக்குத் தோணவே இல்லை பாருங்க… நீங்க வைக்காதீங்க சார், உங்க ஜூனியருகிட்ட சொல்லி வேற போனுலேருந்து கூப்பிடச் சொல்லுங்க. எனக்கு யாரும் இல்லை இங்க. நீங்க லைன்ல இருங்க.

வைத்திக்குப்பம் போற தெரு, முருகையன் வீடுன்னு சொல்லச் சொல்லுங்க. எங்கப்பா பேரு. அந்தப் பேருல கேட்டாத்தான் தெருவுல காட்டுவாங்க… சொல்லிட்டாரா?… வராங்களா?… தண்ணி நிக்கறதால லேட்டாகுமா… சரி… சரி…

சார், ஒரே ஒரு உதவி பண்ணுங்க. நான் போன ஸ்பீக்கர்ல போடறேன், அவங்க கதவாண்ட வைக்கறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அந்தப் பொண்ணுகிட்ட. வெளிய வந்தா வீட்டப் பூட்ட மாட்டாங்க, நான் வக்கீலு சொல்றேன்னு… ஏன் சார்?… எதிர்ப் பார்ட்டிகிட்ட நேரா பேசக் கூடாதா?… அவங்க வக்கீலு மூலமாத்தானா? அவரு எங்க இருக்காரோ இப்ப… சார், கூரை விழுது சார்!…

சரி. சரி சார். உங்க தொழிலு. நானே பேசிக்கறேன். நீங்க கேட்டுக்கினு இருங்க.

வேம்பு… வேம்பு, கதவாண்டதான் நிக்கறேன், தனியாத்தான் நிக்கறேன். என்ன நம்பாத, பரவாயில்லை. ஆனா சத்தம் கேக்குது இல்ல உனக்கு?… கேக்குது இல்ல? அதுவும் நான் பண்றதா?…

பக்கிரி சொன்னானா?… வாசப்படி தாண்டினா நான் பூட்டப் போட்டுடுவேன்னா?… அம்மாடி, பெத்த ஒடம்போட ஒருத்திய வெளிய வரவச்சுப் பூட்டறதுக்கா நான்… சரி, சரி, அழாத. அழாதடீ. சரி, அவன் சொன்னதுலயும் ஞாயம் இருக்குது. அந்தப் புரோக்கரு வந்துட்டுப் போனா யாருக்கும் அப்படித்தான் தோணும்.

இதக் கேளு. உன் பூட்ட எடுத்து நீயே பூட்டிக்க. சாவிய உன் இடுப்புல சொருகிக்க. போதலையா? இந்தா, என் பின்கட்டுச் சாவி. ஜன்னலு இடுக்குல போடறேன் பாரு… போட்டுட்டேன். அதையும் நீயே வச்சுக்க. என் வீட்டுக்குள்ள வந்து உக்காரு, உன் புருஷன் வர வரைக்கும். நான் வெளிய நிக்கறேன்னாலும் நிக்கறேன்…

என்ன சார்?… கேட்டுட்டீங்களா… ஆமா, சாவியத்தான் குடுத்தேன்… தெரியும் சார்… உள்ள விட்டா அப்புறம் பின்கட்டும் போச்சுன்னு சொல்லுவீங்க… தெரியும் சார், தெரியும்! இப்ப அதச் சொல்லாதீங்க!

இருங்க… தாழ்ப்பா சத்தம் கேக்குது.

தொறக்கறா சார். தொறக்கறா… கதவு சிக்குது, தளம் அழுத்துது போல… வேம்பு, நான் இந்தப் பக்கம் தள்ளறேன், நீ இழு… இன்னும் கொஞ்சம்… அவ்வளவுதான், அந்த இடுக்கு போதும். புள்ளைய மொதல்ல குடு. தலையப் பாத்து… குடு… வந்துடுச்சு, வந்துடுச்சு, என்கிட்ட வந்துடுச்சு. சார், புள்ளை என் கையில இருக்குது! பூனைக்குட்டி மாதிரி இருக்குது சார்…

இப்ப நீ வா. ஒருக்களிச்சு வா… எங்கடீ போற?… வேம்பு! எங்க போற?… பூட்டறதுக்கா? தெருக் கதவா? விட்டுத் தொலைடீ அத! நான்தான் சொன்னேன், நான்தான் பூட்டச் சொன்னேன், வேணாம்டீ, இப்ப வேணாம், வா!… சந்து வழியா சுத்தி வரேங்கறா சார். தெருக் கதவப் பூட்டிக்கினு சுத்தி வரேங்கறா. அந்த ரூம்பத் தாண்டித்தான் சார் போகணும், அந்த உத்தரத்துக்கு அடியில…

வேம்பு! வேம்பு!

……

ஐயோ… ஐயோ… ஐயோ…

……

சார்… இருக்கீங்களா சார்… விழுந்துடுச்சு. விழுந்துடுச்சு சார். மொத்தமா. நான் முற்றத்துச் செவுத்தோட ஒட்டிக்கினு நிக்கறேன். ஒண்ணும் தெரியலை. இவ்வளவு மழையிலயும் புழுதியா இருக்குது… எனக்கு ஒண்ணும் இல்லை. புள்ளைக்கு ஒண்ணும் இல்லை, அழுவுது, கேக்குது இல்ல? அழுவுது. வேம்பு சத்தம்தான் கேக்கலை.

வேம்பூ!…

சத்தமே இல்லை சார். நான்தான் பூட்டச் சொன்னேன். நான் சொல்லாம இருந்திருந்தா அந்த இடுக்கு வழியா வந்திருப்பா சார்… இல்லை சார், நீங்க சும்மா சமாதானம் சொல்லாதீங்க… எப்படி உள்ள போறது, அந்தக் கதவு மேலயே செங்கல்லு குமிஞ்சு கெடக்குது, கையில புள்ளை வேற…

சந்து. ஆமா. சந்து வழியாத் தெருவுக்குப் போறேன். போறேன், போறேன்… முந்தானையால மூடிக்கினு போறேன். வைக்காதீங்க சார். முழங்காலு வரைக்கும் தண்ணி… வரேன்டா கண்ணு, அழாதடா, உங்கம்மாகிட்டதான் போறோம்… மாரியம்மா, தாயே, அந்தப் பொண்ண எனக்குக் காட்டிடு…

தெருவுல ஜனம் கூடிடுச்சு… தள்ளுங்க… தள்ளுங்க, வழிய விடுங்க…

நிக்கறா.

சார், நிக்கறா! தெருவுல நிக்கறா! வெளிய வந்து கதவச் சாத்தியிருக்கா சார், அதுக்கு அப்புறம்தான்… உயிரோட இருக்கா… நெத்தியில ரத்தம். செங்கல்லு பட்டிருக்கும். வேம்பு, இங்க பாரு, புள்ளை இதோ இருக்குது, பாரு, ஒரு கீறல் இல்லை, பாருடீ…

பாக்க மாட்டேங்கறா சார். கதவப் பாத்துக்கினே நிக்கறா. முன்செவுரும் கதவும் மட்டும்தான் நிக்குது. அதுக்குப் பின்னால ஒண்ணுமே இல்லை, வானம் தெரியுது. கதவுல இவ பூட்டு தொங்குது, பூட்டியிருக்கா, நாதாங்கிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கினு விட மாட்டேங்கறா.

விடும்மா. விடு வேம்பு, அந்தச் செவுரும் சாயும், தள்ளி வா… நான் பூட்ட மாட்டேன்டீ. பூட்டறதுக்கு அங்க ஒண்ணும் இல்லை… அப்படித்தான். ஒவ்வொரு விரலா… யாருங்க, அந்த அம்மா, இவளக் கொஞ்சம் புடிங்க. கண்ணையன் அண்ணே, எதுத்த வீடுதானே, நீங்க புடிங்க. எதுத்த வாசலுக்குக் கூட்டிக்கினு போங்க, மயக்கமா வருது அவளுக்கு…

ஆங்… இருக்கேன் சார்… ஆமா, வேற யாரும் உள்ள இல்லை. அதத்தான் பயரு சர்வீஸ்காரங்ககிட்டயும் சொல்லணும். உள்ள யாரும் இல்லை.

என்னது?… போட்டோவா? இப்பயா?… விழுந்தத எல்லாப் பக்கமும் எடுத்து வைக்கணுமா… சரி, யாராவது எடுப்பாங்க… இல்லை சார், புரியலை… கட்டடமே போனதால… இனிமே வாடகை ஒப்பந்தம் நிக்காதுன்னு கேக்கலாமா… இடம் நம்ம கைக்கு வந்த மாதிரியா… இந்த நேரத்துல மறுபடியும் உள்ள விட்டுடாதீங்க, சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னா…

சார், அவங்க ஊரு பாகூருக்கு அந்தப் பக்கம். ஆத்தாண்ட ரோட்டுல தண்ணி போகுதாம். பெத்த ஒடம்பு. நெத்தியில ரத்தம் ஒழுகுது. துணிமணி பூரா செங்கல்லுக்கு அடியில. எங்க சார் அனுப்பறது?… பின்கட்டுக்குத்தான். நான்தான் சாவியக் குடுத்துட்டேனே… ஆமா… அவங்க அப்புறம் போகலைன்னா நீங்க மறுபடியும் மனு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன். இப்ப அவங்கள மழையில நிக்க வச்சுட்டு என்னால உள்ள போயி உக்கார முடியாது.

சார், இருங்க… பக்கிரி வரான்.

ஆட்டோவத் தெரு முனையிலயே விட்டுட்டு ஓடி வரான்… கதவுல பூட்டு தொங்கறதப் பாத்துட்டான் சார். நான் பூட்டிட்டேன்னு நெனைக்கறான். வேம்பப் பாக்கலை, கூட்டத்துல மறைஞ்சிருக்கா… என்னாண்டதான் வரான். கத்திக்கினு வரான். சார், கையில ஜாக்கி கம்பி வச்சிருக்கான்…

பக்கிரி! பக்கிரி, நில்லுப்பா! வேம்பு அங்க இருக்கா, எதுத்த வாசல்ல, நல்லாத்தான் இருக்கா!… நான் இடிக்கலை… நான் பூட்டலை தம்பி… அடிக்கறதுன்னா அப்புறமா அடி. மொதல்ல இத வாங்கிக்க. உன் புள்ளை. மழையில வழுக்குது, கீழ போட்டுடுவேன்… அந்தக் கம்பியப் போட்டுட்டு வாங்கிக்கப்பா… ரெண்டு கையாலயும்…

……

இல்லை சார். அடிக்கலை.

வாங்கிக்கினான். வாங்கிக்கினு அப்படியே தெருத் தண்ணியில உக்காந்துட்டான்… பூட்டின கதவையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கறான்… அழறான் சார்.

சார், புள்ளை நனையுது. வச்சுடறேன்.